லாகருக்கு உலர் ஈஸ்ட் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் லாகர் பீர் காய்ச்சுகிறவர்கள் மால்ட்டுக்கும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஹாப்ஸுக்கும் (கசப்பும் வாசனையும் தரும் பூ) கிராம் கணக்குப் பார்ப்பார்கள். ஈஸ்ட் என்று வந்தால் மட்டும் "ஒரு பாக்கெட்" என்று நின்றுவிடுவார்கள். அறைவெப்பத்தை ஒட்டி நொதிக்கும் ஏல் வகைப் பீர்களில் அது பெரும்பாலும் ஓடிவிடும். குளிரில் நொதிக்கும் லாகரில் ஓடாது. ஈஸ்ட் பாக்கெட்டை எண்ணிப் போடும் பொருள் அல்ல, எடை பார்த்துப் போடும் பொருள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதைச் சுற்றியே வரும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: 20 லிட்டருக்கு எத்தனை கிராம்?

தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; நீர் 1.000) 1.048 அளவில் உள்ள சாதாரண லாகர் என்று வைத்துக்கொள்வோம். வோர்ட்டை (கொதித்து ஆறிய மால்ட் சாறு) 12 முதல் 15 டிகிரி செல்சியஸில் வைத்து ஈஸ்ட் போடுவதானால் லிட்டருக்கு 0.8 முதல் 1.2 கிராம், அதாவது 16 முதல் 24 கிராம். 11.5 கிராம் பாக்கெட்டில் இரண்டு போட்டால் 23 கிராம் ஆகும். அது சரியான அளவு.

9 டிகிரியிலேயே போட்டு அங்கேயே நொதிக்கவைப்பதானால் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை தேவை. 20 லிட்டருக்கு 40 முதல் 60 கிராம். பலர் இந்த எண்ணைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்கிறார்கள். பிழை இல்லை. டபிள்யூ-34/70 போன்ற லாகர் ஈஸ்ட்டுகளுக்குத் தயாரிப்பாளர் ஃபெர்மென்டிஸ் சொல்லும் அளவே இதுதான். 10, 11 டிகிரிக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவை எடுத்துக்கொள்ளலாம்: லிட்டருக்கு 1.5 முதல் 2 கிராம்.

ஆனால் செய்முறைக் குறிப்பில் ஒரு பாக்கெட் போதும் என்றுதானே இருக்கிறது?

ஒரு 11.5 கிராம் பாக்கெட்டை 20 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு 0.6 கிராம்கூட வராது. பீர் ஆகாது என்று சொல்லமாட்டோம், ஆகும். 15 டிகிரிக்கு மேல் வைத்தால் ஓரளவு நன்றாகவும் வரலாம். ஆனால் 10 டிகிரியில் வைத்துவிட்டு, "இரண்டு நாளாக ஒன்றுமே நடக்கவில்லை" என்று பதறும் நிலைக்கு முதல் காரணம் இதுதான். பாக்கெட்டில் உள்ள அளவு நன்றாக வேலை செய்யும் கொள்ளளவு 10 முதல் 14 லிட்டர் வரை, அதுவும் 12 டிகிரிக்கு மேல்.

பீர் கிட்டோடு (தயார்நிலை மால்ட் சாறு டப்பா) வரும் ஈஸ்ட்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. டப்பாவின் மேல் "லாகர்" என்று எழுதியிருந்தாலும் மூடிக்கடியில் இருக்கும் 5 அல்லது 7 கிராம் பாக்கெட் பல சமயம் ஏல் ஈஸ்ட்டாகவே இருக்கும். அதை 10 டிகிரியில் போட்டால் தூங்கிப்போகும். பரிந்துரைக்கும் வெப்பநிலை 18 டிகிரிக்கு மேல் என்று அச்சிட்டிருந்தால் அது ஏல் ஈஸ்ட் என்றே எடுத்துக்கொண்டு அந்த வெப்பநிலையில் நொதிக்கவையுங்கள். அல்லது தனியாக லாகர் ஈஸ்ட் வாங்குங்கள்.

லாகருக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

குளிர்தான் காரணம். ஈஸ்ட் வோர்ட்டில் விழுந்ததும் முதலில் பெருகும், பிறகுதான் சர்க்கரையை முழுவீச்சில் ஆல்கஹாலாக மாற்றும். 20 டிகிரியில் இந்தப் பெருக்கம் வேகமாக நடக்கும். குறைவாகப் போட்டாலும் ஒரு நாளில் எண்ணிக்கையை எட்டிப்பிடித்துவிடும். 10 டிகிரியில் அதே வேலைக்குப் பல மடங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தில் வோர்ட் காவலில்லாமல் கிடக்கும். சுத்தம் செய்யும்போது தப்பிய ஒரு பாக்டீரியாவுக்கு அது போதும்.

அதைவிட முக்கியமான காரணம் சுவை. எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒவ்வொரு செல்லும் அதிக தலைமுறைகள் பெருக வேண்டியிருக்கும். பெருகும்போதுதான் எஸ்டர்களும் (பழவாசனை தருபவை) உயர் ஆல்கஹால்களும் டயசெட்டிலுக்கு (வெண்ணெய் வாசனை தருவது) மூலமான பொருளும் உருவாகின்றன. ஏலில் பழவாசனை கொஞ்சம் கூடினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். லாகரில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறு வாசனை எது வந்தாலும் முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும்.

செல் எண்ணிக்கையை வைத்து எப்படிக் கணக்கிடுவது?

பரவலாகப் பின்பற்றப்படும் விதி: லாகருக்கு ஒரு மில்லிலிட்டரில், ஒரு பிளேட்டோ டிகிரிக்கு, 15 லட்சம் செல்கள். ஏலுக்கு அதில் பாதி, 7.5 லட்சம். பிளேட்டோ என்பது வோர்ட்டில் கரைந்த பொருளின் எடைச் சதவீதம். தோராயமாக, ஹைட்ரோமீட்டர் காட்டும் அடர்த்தியின் கடைசி இரண்டு இலக்கத்தை 4-ஆல் வகுத்தால் போதும்: 1.048 என்றால் 48 ÷ 4 = 12 பிளேட்டோ.

20 லிட்டர் என்பது 20,000 மி.லி. எனவே 15 லட்சம் × 20,000 × 12 = 36,000 கோடி செல்கள்.

இனி இதை கிராமாக மாற்ற வேண்டும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கிராமில் 600 கோடி உயிருள்ள செல்கள் என்று எடுத்தால் 60 கிராம் வரும். 1,000 கோடி என்று எடுத்தால் 36 கிராம். 2,000 கோடி என்று எடுத்தால் 18 கிராம். இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் ஒன்றுக்கொன்று மூன்று மடங்கு வித்தியாசமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஒவ்வொன்றும் வேறு எண்ணை உள்ளே வைத்திருக்கிறது. தயாரிப்பாளர் அச்சிடும் எண் "இதற்குக் குறையாது" என்ற உத்தரவாதம். புதிய பாக்கெட்டில் உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எங்கள் பரிந்துரை: உலர் ஈஸ்ட்டுக்குச் செல் கணக்கைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முடிவை லிட்டருக்கு இத்தனை கிராம் என்ற தயாரிப்பாளர் அளவை வைத்தே எடுங்கள். காய்ந்த செல்லும் திரவ ஈஸ்ட்டின் செல்லும் ஒரே நிலையில் வோர்ட்டுக்குள் போவதில்லை. 15 லட்சம் விதி ஈரமான, முந்தைய பீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்டை மனதில் வைத்து உருவானது.

அடர்த்தி கூடிய பாக் (வலுவான லாகர்) வகைகளுக்கு?

1.052-க்கு மேல் போனால் அளவைக் கூட்டுங்கள். 12 டிகிரியில் போடும்போது:

1.040 முதல் 1.052 வரை: லிட்டருக்கு 1 முதல் 1.2 கிராம்
1.053 முதல் 1.064 வரை: லிட்டருக்கு 1.5 கிராம்
1.065 முதல் 1.080 வரை: லிட்டருக்கு 2 கிராம்

20 லிட்டர் டாப்பல்பாக் (பாக்கிலும் வலுவான வகை), அடர்த்தி 1.076 என்றால் 40 கிராம். பாக்கெட் கணக்கில் மூன்றரை. அதற்குப் பணம் செலவழிக்கத் தயங்குகிறவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு: முதலில் 1.045 அளவில் ஒரு இலகுவான லாகர் காய்ச்சுங்கள். அதன் அடிவண்டலில் அடுத்த பாக்குக்குத் தேவையான ஈஸ்ட் கிடைத்துவிடும். விவரம் கடைசிக் கேள்வியில்.

எந்த வெப்பநிலையில் போட வேண்டும்? வெதுவெதுப்பாகப் போட்டுவிட்டுக் குளிர்விக்கலாமா?

இரண்டு வழியும் உண்டு. குளிரில் போடுவது என்றால் வோர்ட்டை 8 முதல் 10 டிகிரிக்குக் கொண்டுவந்து, அதிக அளவு ஈஸ்ட் போட்டு, 10 அல்லது 12-க்கு மெல்ல ஏறவிடுவது. மிகச் சுத்தமான சுவை இதில் வரும். ஈஸ்ட்டும் அதிகம் செலவாகும்.

வெப்பத்தில் போடுவது என்றால் 18 டிகிரி அளவில் போட்டு, நொதித்தல் தொடங்கிய அறிகுறி தெரிந்ததும் குளிர்விப்பது. ஈஸ்ட் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் பெருக்கம் முழுவதும் வெப்பத்தில் நடப்பதால் எஸ்டர் கூடும். குளிர்விப்பதும் மெதுவாக, நாளுக்கு 2 அல்லது 3 டிகிரிக்கு மேல் போகாமல் நடக்க வேண்டும். சட்டென்று 10-க்கு இறக்கினால் ஈஸ்ட் சுருண்டு அடியில் படிந்துவிடும். நொதித்தல் பாதியில் நிற்கும்.

நடுவழியைத்தான் நாங்கள் விரும்புகிறோம்: 12 டிகிரியில் போட்டு 12-லேயே வைத்திருப்பது, லிட்டருக்கு 1.2 கிராம். டபிள்யூ-34/70 இந்த வெப்பநிலையில் நம்பகமானது. 15 டிகிரியில்கூடச் சுத்தமாகவே இருக்கும். எஸ்-23 என்ற இன்னொரு லாகர் ஈஸ்ட் அதே வெப்பநிலையில் பழவாசனை கூடுதலாகத் தரும். அது வேண்டாம் என்றால் குளிராக வையுங்கள், அளவையும் கூட்டுங்கள்.

வெப்பமானியின் முனையைக் குளிர்பெட்டிக்குள் காற்றில் தொங்கவிடாமல் நொதிக்கும் கலத்தின் பக்கச்சுவரில் ஒட்டி, மேலே ஒரு துண்டு பஞ்சுறையோ துணியோ வைத்து மூடுங்கள். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது வோர்ட் வெளிக்காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும்.

நீரில் ஊறவைப்பதா, அப்படியே தூவுவதா?

தூவினால் போதும் என்று இப்போது பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்; சாதாரண அடர்த்தியில், 12 டிகிரிக்கு மேல், போதிய அளவு ஈஸ்ட் இருந்தால் அது சரியே. வோர்ட்டைக் கலத்தில் நிரப்பும்போதே மேற்பரப்பெங்கும் பரவலாகத் தூவுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். கட்டிக்குள் இருப்பவை நனைவதற்குள் நேரம் போய்விடும்.

அடர்த்தி 1.060-க்கு மேல், அல்லது 10 டிகிரிக்குக் கீழே, அல்லது பாக்கெட் பழையது என்றால் ஊறவையுங்கள். காய்ந்த செல்லின் சவ்வு முதல் சில நிமிடங்களில் எது உள்ளே வர வேண்டும், எது வரக்கூடாது என்று பிரித்தறிய முடியாத நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் அடர்ந்த சர்க்கரைக் கரைசலும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் உள்ளே புகுந்தால் ஒரு பங்கு செல்கள் செத்துப்போகும்.

ஈஸ்ட்டின் எடையைப்போல் பத்து மடங்கு நீர் எடுங்கள்: 23 கிராமுக்கு 230 மி.லி. கொதிக்கவைத்து, மூடி, ஆறவையுங்கள். காய்ச்சி வடித்த நீர் வேண்டாம். சாதாரண நீரில் உள்ள தாது உப்புகள் செல்லின் சவ்வுக்கு நல்லது. சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். நீரின் வெப்பநிலைதான் வகைக்கு வகை மாறும். ஃபெர்மென்டிஸ் லாகர் வகைகளுக்கு 21 முதல் 25 டிகிரி. வேறு சில நிறுவனங்கள் 30 முதல் 35 கேட்கும். உங்கள் ஈஸ்ட்டின் தாளில் என்ன இருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். நீரின் மேல் தூவி, கிளறாமல் 15 நிமிடம் விடுங்கள். பிறகு சுத்தப்படுத்திய கரண்டியால் மெதுவாகக் கலக்கி இன்னும் 5, 10 நிமிடம்.

இனிதான் பலர் அவசரப்படும் இடம். 25 டிகிரியில் இருக்கும் ஈஸ்ட்டை 9 டிகிரி வோர்ட்டில் ஊற்றக்கூடாது. குளிர்ந்த வோர்ட்டில் சிறிதளவு எடுத்து ஈஸ்ட்டில் கலந்து, 5 நிமிடம் பொறுத்து, மறுபடி கொஞ்சம் கலந்து, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 10 டிகிரிக்குள் வந்த பிறகு ஊற்றுங்கள். ஊறிய ஈஸ்ட்டை அரை மணிக்கு மேல் சும்மா வைத்திருக்கவும் வேண்டாம். சேமிப்பில் உள்ள சக்தியைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஊறவைத்த ஈஸ்ட் நுரைக்கவில்லை. செத்துவிட்டதா?

இல்லை. வெறும் நீரில் தின்ன எதுவும் இல்லாததால் நுரைக்காது. பால்போன்ற சீரான கலவையாக மாறினால் சரி. சில வகைகளில் நுரை வரும், சிலவற்றில் வராது. அதை வைத்து உயிர்ப்பைக் கணிக்க முடியாது.

ஸ்டார்ட்டர் (முன்கூட்டியே சிறிதளவு வோர்ட்டில் ஈஸ்ட்டை வளர்ப்பது) தயாரித்து ஈஸ்ட்டைப் பெருக்கலாமா?

திரவ ஈஸ்ட்டுக்கு அது அவசியம். உலர் ஈஸ்ட்டுக்கு வேண்டாம். தொழிற்சாலையில் காயவைக்கும் முன்பே அதற்குள் ஸ்டெராலும் கிளைக்கோஜனும் நிரப்பிவைத்திருப்பார்கள். சிறிய ஸ்டார்ட்டரில் போட்டால் அந்தச் சேமிப்பு அங்கேயே கரைந்துவிடும். எண்ணிக்கையும் பெரிதாக அதிகரிக்காது. இன்னொரு பாக்கெட் வாங்குவது மலிவு, சுத்தமும்கூட.

இதே காரணத்தால் முதல் தடவை உலர் ஈஸ்ட் போடும்போது வோர்ட்டுக்கு ஆக்சிஜன் ஊட்டுவதும் கட்டாயமில்லை. அடிவண்டலை மறுபடி பயன்படுத்தும்போது கட்டாயம்.

24 மணி நேரம் ஆகிவிட்டது, குமிழ் எதுவும் இல்லை. என்ன செய்வது?

12 டிகிரியில் 12 முதல் 36 மணி நேரம், 9 டிகிரியில் 48 மணி நேரம்வரை இயல்பு. காற்றடைப்பானில் (வாயுவை வெளியேவிட்டுக் காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பு) குமிழ் வருவதை நம்பாதீர்கள். மூடி சரியாக இறுகாவிட்டால் பீர் முழுக்க நொதித்தாலும் ஒரு குமிழும் வராது. மேலே மெல்லிய வெள்ளைப் படலம் தெரிகிறதா என்று பாருங்கள், ஹைட்ரோமீட்டரில் அளந்தும் பாருங்கள்.

48 மணி நேரத்திலும் அடர்த்தி அசையவில்லை என்றால் 14 அல்லது 15 டிகிரிக்கு ஏற்றி, கலத்தை மெதுவாக அசைத்துவிடுங்கள். 72 மணியிலும் அசைவில்லை என்றால் தாமதிக்காமல் இன்னொரு பாக்கெட்டை ஊறவைத்துப் போடுங்கள்.

பாதியில் நின்றுபோனது வேறு கதை. 1.048-இல் தொடங்கி 1.022-இல் நின்றுவிட்டது என்றால் புதிய உலர் ஈஸ்ட்டைத் தூவுவது பெரும்பாலும் வீண். ஆல்கஹாலும் குறைந்த சத்தும் உள்ள சூழலில் அது விழித்தெழாது. 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றுங்கள், அடியில் படிந்ததைக் கிளப்பிவிடுங்கள். அதுவும் உதவாவிட்டால், ஒரு லிட்டர் புதிய வோர்ட்டில் ஈஸ்ட்டைப் போட்டு நுரை உச்சத்தில் இருக்கும்போது அதை அப்படியே ஊற்றுங்கள்.

குறைவாகப் போட்டது சுவையில் எப்படித் தெரியும்?

வெண்ணெய், பட்டர்ஸ்காட்ச் வாசனை என்றால் டயசெட்டில். ஆப்பிள், பேரிக்காய், வாழைப்பழம் என்றால் எஸ்டர். பச்சை ஆப்பிள் தோலின் காரம்போல இருந்தால் அசெட்டால்டிஹைடு, அதாவது முடிக்காமல் விட்ட வேலை. அழுகிய முட்டை வாசனை நொதித்தலின் நடுவில் வந்தால் பயப்பட வேண்டாம், லாகரில் அது சகஜம்; குளிரில் முதிரவைக்கும் வாரங்களில் பெரும்பாலும் போய்விடும். போகாமல் நின்றால் ஈஸ்ட் பலவீனமாக இருந்தது என்று பொருள்.

டயசெட்டிலைச் சமாளிக்க, அடர்த்தி குறையவேண்டியதில் முக்கால் பங்கு குறைந்ததும் 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வையுங்கள். முடிந்ததா என்று அறிய இரண்டு சிறு மாதிரிகள் எடுத்து, ஒன்றை மூடி 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் வெண்ணெய் வாசனை வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். டயசெட்டிலுக்கு மூலமான பொருள் பீரில் மிச்சம் இருக்கிறது. இரண்டிலும் வராதபோது மட்டும் குளிர்வியுங்கள்.

அதிகமாகப் போட்டால் கெட்டுப்போகுமா?

வீட்டு அளவில் இது மிக அரிது. 12 டிகிரியில் லிட்டருக்கு 2 கிராம் போட்டாலும் பீருக்கு ஒன்றும் ஆகாது. சீக்கிரம் தொடங்கும், சீக்கிரம் முடியும். லிட்டருக்கு 4, 5 கிராம் என்று போனால் பெருக்கம் குறைந்து சுவை தட்டையாகும். அடியில் தேங்கும் கனத்த வண்டலிலேயே பல வாரம் விட்டுவைத்தால் குழம்புச் சாறுபோன்ற ஈஸ்ட் வாசனை ஏறும். குறைவா, அதிகமா என்ற ஐயம் வந்தால் அதிகப்பக்கம் சாய்வதே நல்லது.

பாக்கெட் பழையது, திறந்த பாக்கெட்டில் மிச்சம் இருக்கிறது?

குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த, தேதி முடியாத பாக்கெட்டை அப்படியே நம்பலாம். பல மாதம் அறைவெப்பத்தில் கிடந்திருந்தால் அரைப்பங்கு கூட்டுங்கள். உப்பியோ தளர்ந்தோ, உள்ளே காற்றுப் புகுந்ததுபோல் மெத்தென்று இருந்தால் தூக்கிப்போடுங்கள். திறந்ததை மடித்து ஒட்டி 4 டிகிரியில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஈரமும் ஆக்சிஜனும் உலர் ஈஸ்ட்டுக்கு எதிரி.

தராசு இல்லாமல் கரண்டியால் அளக்கலாமா?

வேண்டாம். துகளின் அளவு வகைக்கு வகை மாறும். 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு போதும். அதுவரை முழுப் பாக்கெட்டுகளாகவே போடுங்கள், எண்ணிக்கையை மேல்நோக்கி முழுமையாக்கி.

ரொட்டி ஈஸ்ட்?

இனமே வேறு. குளிரில் வேலை செய்யாது, அடியில் தெளிவாகப் படியாது, தேவையற்ற வாசனைகளைத் தரும். லாகருக்கு ஆகாது.

அடிவண்டலை அடுத்த லாகருக்கு எவ்வளவு எடுப்பது?

பீரை வேறு கலத்துக்கு மாற்றியதும் பழைய கலத்தின் அடியில் இருப்பதைச் சுத்தப்படுத்திய ஜாடியில் ஊற்றி 2 முதல் 4 டிகிரியில் வையுங்கள். சில மணி நேரத்தில் அடுக்காகப் பிரியும். நடுவில் உள்ள வெளிர்க் கிரீம் நிறப் பகுதிதான் நல்ல ஈஸ்ட், அடியில் உள்ள கருமையான பகுதி ஹாப்ஸும் புரதமும். கெட்டியான புதிய ஈஸ்ட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 கோடி செல்கள் இருக்கும் என்று எடுக்கலாம். மேலே கணக்கிட்ட 36,000 கோடிக்கு 250 முதல் 300 மி.லி. போதும். 1.076 டாப்பல்பாக்குக்கு 500 மி.லி. அளவு.

ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். இரண்டு வாரம் ஆனால் அளவை ஒன்றரை மடங்காக்குங்கள். ஒரு மாதம் தாண்டியதைப் போட வேண்டாம், புதிய பாக்கெட் வாங்குங்கள். ஜாடியின் மூடியை முழுக்க இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். அடர்த்தி 1.065-க்கு மேலான பீரிலிருந்தும், ஹாப்ஸ் மிகுதியாகப் போட்டதிலிருந்தும், சிறிதளவேனும் புளித்த வாடை வந்ததிலிருந்தும் எடுக்கக்கூடாது. இம்முறை வோர்ட்டை நன்றாகக் குலுக்கியோ ஆக்சிஜன் செலுத்தியோ காற்றூட்டிவிட்டு ஈஸ்ட்டைப் போடுங்கள்.